வேறு ஊருக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்தால்: இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டிருப்பவர்களின் வீடு மாற்றம், முழு வழிகாட்டி

பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை என்று நம் குமரி மாவட்டத்தில் நாலு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. இந்த முகாம்களில் இருக்கிறவர்களுக்கும், வெளியே நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டுக் காத்திருக்கும் மகனோ மகளோ தங்கச்சியோ இருந்தால், இப்படி ஒரு போன் என்றைக்காவது வரும்: "அம்மா, நாளைக்குக் காலையில வேன் வருதாம், எங்கேயோ ஸ்டோக் என்கிற ஊருக்குப் போகணுமாம், போகலாமா வேண்டாமா?" அந்த நேரத்தில் இங்கிருந்து "போகாதே, அங்கேயே இரு" என்று பாசத்தில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையால் தங்கும் இடமும் கைச்செலவுப் பணமும் ரெண்டும் சேர்ந்து போகலாம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். அங்கே இருப்பவருக்கும் அனுப்புங்கள், நீங்களும் படியுங்கள்.

இது பொதுவான தகவல்தான். அவரவர் வழக்குக்கு அவரவர் வக்கீல் சொல்வதுதான் முடிவு. இன்னொன்று, 2025 நவம்பரில் இங்கிலாந்து அரசு தஞ்ச விதிகளில் பெரிய மாற்றங்களை அறிவித்திருக்கிறது, அதனால் தொகையையும் நாள் கணக்கையும் கையில் இருக்கும் கடிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில், எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று பாருங்கள்

எல்லாம் 1999-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் தஞ்சச் சட்டத்தில் இருந்துதான் தொடங்குகிறது. அதில் மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பிரிவு 98 என்றால் தற்காலிக உதவி. போன புதிதில் ஹோட்டலிலோ ஹாஸ்டலிலோ வைப்பார்களே, அது. பிரிவு 95 என்றால் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, கையில் காசில்லை அல்லது தங்க இடமில்லை என்று உறுதி செய்துகொண்டு கொடுக்கும் உதவி. தஞ்ச வழக்கு முடியும் வரை இதுதான் ஓடும். பிரிவு 4 என்றால் வழக்கு நிராகரிக்கப்பட்ட பிறகு, நாட்டை விட்டுப் போக முடியாத சில நிலைமைகளில் கொடுப்பது.

இது ஏன் முக்கியம் என்றால், 95-லும் 4-லும் உதவியை மறுத்தாலோ நிறுத்தினாலோ தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், 98-இல் அந்த உரிமை கிடையாது. கடிதத்தின் தலைப்பிலோ முதல் பத்தியிலோ எண் இருக்கும். கோழிவிளையில் ஒரு அம்மா மகன் அனுப்பிய கடிதத்தை போனில் வைத்துக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஊர்ப் பெயரையும் வேன் வரும் நேரத்தையும் மட்டுமே தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த எண் மேலே கறுப்பு எழுத்தில் இருந்தது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இடத்தை யார் முடிவு செய்கிறார்கள்

ஹோம் ஆபீஸ், அதாவது அந்த நாட்டு உள்துறை, முடிவு செய்யும், வீட்டை ஏற்பாடு செய்து கொடுப்பது தனியார் கம்பெனிகள். 2019-இல் தொடங்கிய பத்து வருட ஒப்பந்தப்படி மூன்று கம்பெனிகள் நாட்டைப் பிரித்து வைத்திருக்கின்றன. லண்டன், தென்கிழக்கு, தென்மேற்கு, வேல்ஸ் எல்லாம் கிளியர்ஸ்பிரிங்ஸ். வடமேற்கு, மிட்லேண்ட்ஸ், கிழக்கு இங்கிலாந்து எல்லாம் செர்கோ. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, வடகிழக்கு, யார்க்‌ஷயர் பக்கம் மியர்ஸ். வாசலுக்கு வரும் வேனும், வீட்டுச் சாவியும், ஒழுகும் குழாயும் இவர்கள் பொறுப்பு. எந்த ஊர் என்று கடைசியில் சொல்வது ஹோம் ஆபீஸ். கம்பெனியின் ஹவுசிங் ஆபீசரோடு சண்டை போட்டு ஊரை மாற்ற முடியாது, அவர் கையில் அது இல்லை.

சட்டத்தின் 97-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது: எந்த ஊரில் இருக்க விருப்பம் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, இடம் எளிதில் கிடைக்கும் பகுதிகளில் கொடுப்பது நல்லது என்பதைப் பார்க்க வேண்டும். லண்டனில் வாடகை அதிகம், வீடு குறைவு. அதனால்தான் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் நம் ஆட்கள் நிறைய இருந்தும், தஞ்சம் கேட்டவரை மிடில்ஸ்பரோவுக்கோ ஹல்லுக்கோ கிளாஸ்கோவுக்கோ அனுப்புகிறார்கள். "அங்கே என் சித்தப்பா இருக்கிறார், கோயில் இருக்கிறது, தமிழ்க்கடை இருக்கிறது" என்பது நமக்குப் பெரிய காரணம். அந்தச் சட்டத்துக்கு அது விருப்பம் மட்டும்.

சரி, சித்தப்பா வீட்டில் நிஜமாகவே இடம் இருக்கிறது, அவர் வைத்துக்கொள்ளவும் தயார் என்றால் வேறு வழி ஒன்று உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. ஹோம் ஆபீஸிடம் வீடு வேண்டாம், செலவுக்குப் பணம் மட்டும் போதும் என்று பிரிவு 95-இல் கேட்கலாம். 2024 ஜனவரியில் அந்தத் தொகையை ஒருவருக்கு வாரம் 49.18 பவுனாக வைத்தார்கள், ஆஸ்பென் என்ற அட்டையில் ஏறும். ஆனால் சித்தப்பாவின் வாடகை ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறதா, ஆறு மாதம் கழித்து முகம் சுளிக்காமல் இருப்பாரா என்பதையெல்லாம் முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். நடுவில் அந்த வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் மறுபடி வரிசையில் நின்று வீடு கேட்க வேண்டும், அப்போது எந்த ஊர் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

எந்தக் காரணம் எடுபடும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். விருப்பத்தைப் பார்க்க மாட்டார்கள், தேவையைப் பார்ப்பார்கள். அந்தத் தேவைக்கு ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது சித்திரவதைக்கு ஆளானவர்களின் சிகிச்சை பற்றி. ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. இவற்றில் சிகிச்சையில் இருப்பவரை அந்தச் சிகிச்சைக்குப் போய்வர முடியாத தூரத்துக்கு அனுப்புவது பற்றி ஹோம் ஆபீஸின் இட ஒதுக்கீட்டுக் கொள்கையே தனியாகப் பேசுகிறது. லண்டனில் ஹெலன் பாம்பரில் வாராவாரம் போகிறவர் என்றால் அந்த அமைப்பிடம் உடனே கடிதம் வாங்க வேண்டும். ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சருக்கு மான்செஸ்டர், பர்மிங்காம், நியூகாசில், கிளாஸ்கோவிலும் நிலையங்கள் உண்டு. அதனால் "லண்டனில்தான் இருக்கணும்" என்று கேட்பதைவிட "சிகிச்சையை விடாமல் தொடர முடிகிற இடத்தில் இருக்கணும்" என்று கேட்பது நிற்கும். உள்ளே இருக்கும் வலியை வெளியில் சொல்லப் பழகாதவர்கள் நாம், முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இன்னும் கஷ்டம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாய் திறக்காவிட்டால் ஹோம் ஆபீஸுக்குத் தெரிய வழியே இல்லை.

அடுத்து உடல் நோய். டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை, தேதி குறித்த அறுவை சிகிச்சை, தொடங்கிச் சில நாட்களே ஆன காசநோய் மருந்து, தற்கொலை எண்ணம் வரைக்கும் போயிருக்கிற மனநோய், இவற்றுக்கெல்லாம் பயணத்தைத் தள்ளிவைக்கவோ ஊரை மாற்றவோ கேட்கலாம். பொதுவாக அவர்கள் பார்ப்பது இதைத்தான்: இந்தச் சிகிச்சை அந்த ஊரிலும் கிடைக்குமா? சர்க்கரை, பிரஷர் என்றால் எந்த ஊரிலும் மருந்து கிடைக்கும் என்று முடித்துவிடுவார்கள். டாக்டர் கடிதத்தில் "இவர் என் நோயாளி" என்று மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை. என்ன நோய், என்ன சிகிச்சை, அடுத்த தேதி எப்போது, இடையில் விட்டால் என்ன ஆகும், பயணம் செய்யலாமா கூடாதா என்று எழுதச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குப் பிரசவத் தேதிக்கு முன்னாலும் பின்னாலும் சில வாரங்கள் நகர்த்தாத ஒரு பாதுகாப்புக் காலம் உண்டு. மருத்துவச்சியிடம் தேதி எழுதிய கடிதம் வாங்கினால் போதும்.

பிள்ளைகளின் படிப்பு. எந்த வகுப்பு என்றாலும் எடுபடாது. ஜிசிஎஸ்இ, ஏ லெவல் போன்ற பொதுத்தேர்வுக்கான கடைசி வருடத்தில், அந்தப் பள்ளியிலேயே ஏற்கெனவே கணிசமான காலம் படித்திருக்கிற பிள்ளை என்றால் கேட்கலாம். நம்ம ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை நேரத்தில் பிள்ளையைப் பள்ளி மாற்ற மாட்டோமே, அதே நியாயம். மூணாவது படிக்கிற பிள்ளை என்றால் அங்கே போய் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள்.

குடும்பம் என்றால் கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை. தனித்தனியாகப் போய்ச் சேர்ந்த கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் இருக்கக் கேட்கலாம், திருமணச் சான்று வேண்டும். அண்ணன், தங்கை, மாமா என்பதற்காக மட்டும் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் நம்பித்தான் அன்றாட வாழ்க்கையே ஓடுகிறது, குளிக்க வைக்க, மருந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று டாக்டரோ சமூகப் பணியாளரோ எழுதிக் கொடுத்தால் பார்ப்பார்கள்.

எடுபடாதவையும் தெரிந்திருக்கட்டும். ஊர் பிடிக்கவில்லை, குளிர் அதிகம், தமிழர் இல்லை, சாமான் கடை தூரம், நண்பர்கள் எல்லாம் இங்கே. இவற்றை முதல் வரியில் எழுதினால் அதற்குக் கீழே இருக்கும் நல்ல காரணத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். வக்கீல் லண்டனில் இருக்கிறார் என்பதும் பெரும்பாலும் எடுபடாது, போனில் பேசலாமே என்பார்கள்.

கடிதம் வந்த அன்றைக்கு

முன்னறிவிப்பு சில சமயம் சில நாள் இருக்கும், சில சமயம் முந்தின நாள் மாலைதான் கதவடியில் தாள் கிடக்கும். அதனால் கையில் கடிதம் வந்த அதே மணி நேரத்தில் வேலையைத் தொடங்க வேண்டும்.

கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வக்கீலுக்கும் குடும்பத்துக்கும் அனுப்ப வேண்டும். பிறகு தஞ்சம் கேட்டவர்களுக்கு உதவும் மைக்ரண்ட் ஹெல்ப் என்ற தொண்டு அமைப்புக்கு போன்: 0808 8010 503. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். பேசும்போது சுற்றி வளைக்க வேண்டாம். இப்படிச் சொன்னால் போதும்:

"என் பெயர் இது, என் குறிப்பு எண் இது. இந்தத் தேதியில் இந்த ஊருக்குப் போகச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. நான் போக மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இந்தச் சிகிச்சை நடக்கிறது, அடுத்த தேதி இது, டாக்டர் கடிதம் என்னிடம் இருக்கிறது. என் இடமாற்றத்தை மறுபரிசீலனை செய்யும்படி ஹோம் ஆபீஸுக்கு அனுப்புங்கள். இந்த அழைப்பின் பதிவு எண்ணைச் சொல்லுங்கள்."

"நான் போக மறுக்கவில்லை" என்ற வரியை விடாதீர்கள். அது இல்லாமல் பேசினால் "மறுத்தார்" என்று ஒரு குறிப்பு ஏறிவிடும், பின்னால் அதை அழிப்பது பாடு. பதிவு எண், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே விஷயத்தை மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லி வக்கீலிடம் கேட்க வேண்டும், டாக்டர் கடிதம் கைக்கு வரவில்லை என்றால் "நாளை வரும்" என்றாவது எழுத வேண்டும். வாயால் சொன்னது மட்டும் காற்றோடு போய்விடும்.

வேன் வந்துவிட்டது, பதில் வரவில்லை. ஏறலாமா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். என் கருத்து தெளிவானது: டாக்டர் பயணம் கூடாது என்று எழுதியிருந்தாலோ, வக்கீல் ஏறாதே என்று எழுத்தில் சொல்லியிருந்தாலோ தவிர, ஏற வேண்டும். ஏறிப் போய், போன இடத்தில் இருந்தே மறுபரிசீலனையைத் தொடரலாம். ஏறாவிட்டால் வீட்டையும் பணத்தையும் நிறுத்த அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது, தெருவில் நின்றுகொண்டு வழக்கு நடத்துவது எவ்வளவு கொடுமை என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஏற முடியாத நிஜமான காரணம் ஒன்று திடீரென்று வந்தால், காலையில் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது மாதிரி, அதே நாளில் மைக்ரண்ட் ஹெல்ப்பிடம் சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்ட வேண்டும். நியாயமான காரணம் என்று ஒத்துக்கொண்டால் இன்னொரு நாள் ஏற்பாடு செய்ய வாய்ப்பு உண்டு.

வேனில் சாமானுக்கு இடம் குறைவு. கையில் வைத்திருக்க வேண்டியவை: ஏஆர்சி அடையாள அட்டை, ஆஸ்பென் அட்டை, மருந்து, டாக்டர் கடிதம், வழக்குக் காகிதங்கள், சார்ஜர். காகிதங்களை டிக்கியில் போகும் பையில் வைக்கவே கூடாது.

உதவியை நிறுத்திவிட்டார்கள் என்றால்

பிரிவு 95 அல்லது 4 உதவியை நிறுத்திக் கடிதம் வந்தால், அது கையில் கிடைத்ததில் இருந்து மூன்று வேலை நாட்களுக்குள் தஞ்ச உதவித் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும். மூன்றே நாள். அசைலம் சப்போர்ட் அப்பீல்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இந்தத் தீர்ப்பாயத்தில் இலவசமாக வாதாடுகிறது, மேல்முறையீடு போட்டதும் அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டும். நாள் தாண்டிவிட்டாலும் ஏன் தாண்டியது என்று எழுதிப் போடலாம், விட்டுவிட வேண்டாம்.

ஆனால் ஒன்று: எந்த ஊர் என்பதை மட்டும் எதிர்த்து இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. ஊர் முடிவு சட்டத்துக்கு விரோதமாக இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனை கேட்க வேண்டும், அதற்கு சட்ட உதவியில் வேலை செய்யும் வீட்டு வசதி வக்கீல் வேண்டும். சித்திரவதைச் சிகிச்சை, கடும் மனநோய் போன்ற வழக்குகளில்தான் அந்த வழி பெரும்பாலும் பயன்படும்.

இங்கிருந்து நாம் செய்யக்கூடியது

நாம் நேரடியாகக் கூப்பிட்டுப் பேசி ஆகப்போவது எதுவும் இல்லை, அவர் ஒப்புதல் இல்லாமல் மூன்றாம் ஆளிடம் பேச மாட்டார்கள். நம் வேலை காகிதம் தேடுவது. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். போனில் சாய்வாக எடுத்த படம் படிக்க வராது, ஊர் ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப் ஆக்கி வாங்குங்கள். திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, முகாம் குடும்ப அட்டையின் நகல் எல்லாம் குடும்பத் தொடர்பைக் காட்ட உதவும். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, செய்தவரின் பெயரும் கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்புங்கள். அசல் காகிதத்தைத் தபாலில் அனுப்பும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

"லண்டனில் ஆள் இருக்கிறார், பணம் கொடுத்தால் ஊர் மாற்றித் தருவோம்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஊர் மாற்றம் கேட்கக் கட்டணமே கிடையாது. அங்கே குடிவரவு ஆலோசனை சொல்ல வக்கீலாகவோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும், இல்லாமல் சொல்வது குற்றம். நகையை அடகு வைத்து இந்த ஆட்களிடம் கொடுத்த குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

நேர வித்தியாசத்தையும் நினைவில் வையுங்கள். குளிர்காலத்தில் நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால், கோடையில் நாலரை. அங்கே காலை ஒன்பதுக்கு ஆபீஸ் திறக்கும்போது இங்கே மதியம் ஆகிவிடும், அதற்குள் காகிதம் அவர் கையில் இருந்தால் அன்றைக்கே வேலை நடக்கும்.

புது ஊரில் முதல் வாரம்

புது முகவரியை வக்கீலுக்குச் சொல்வது முதல் வேலை. ஹோம் ஆபீஸுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள் கொடுத்த வீடுதானே, அவர்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிடக் கூடாது. வீட்டைப் பார்க்கும் பிரிவும் வழக்கைப் பார்க்கும் பிரிவும் வேறு வேறு. நேர்காணல் கடிதம் பழைய முகவரிக்குப் போய், ஆள் வரவில்லை என்று வழக்கையே மூடிவிட்டால் வீட்டை விடப் பெரிய நஷ்டம். ஹோம் ஆபீஸ் குறித்த தேதியில் போய்க் கையெழுத்துப் போடும் ஆபீஸ் பழைய ஊரில் இருந்தால் அதையும் மாற்றக் கேட்க வேண்டும், மாற்றியதாக எழுத்தில் வரும் வரை பழைய தேதியைத் தவறவிடக் கூடாது.

அப்புறம் பக்கத்து ஜிபி (குடும்ப) டாக்டரிடம் பதிவு. வாடகை ரசீது, பாஸ்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டாம், பதிவுக்கு அவை கட்டாயம் இல்லை. இங்கிலாந்துக்குள் (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சேராமல்) மருந்துக் கட்டணம் இல்லாமல் இருக்க ஹெச்சி2 சான்று வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உள்ளூர் கவுன்சிலில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) பள்ளி இடம் கேட்க வேண்டும்.

ஈரம், பூஞ்சை, வெந்நீர் வரவில்லை, பூட்டு உடைந்திருக்கிறது என்றால் போட்டோவோடு மைக்ரண்ட் ஹெல்ப்பிடம் புகார், ஒவ்வொரு முறையும் பதிவு எண் வாங்க வேண்டும். கூட இருப்பவர் மிரட்டுகிறார், அடிக்கிறார், இனவெறித் தாக்குதல் நடக்கிறது என்றால் போலீஸில் சொல்லி அந்த எண்ணோடு இடமாற்றம் கேட்டால்தான் கேட்பார்கள். உறவில்லாத தனி ஆட்களை, ஆணோடு ஆண், பெண்ணோடு பெண், ஒரே அறையில் வைப்பது அங்கே வழக்கம், அதை மட்டும் சொல்லி மாற்றம் கிடைப்பது கடினம்.

சித்தப்பா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போய்ச் சில நாள் தங்கலாமா? தங்கலாம், கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேலோ, ஆறு மாதத்தில் மொத்தம் பதினாலு நாளுக்கு மேலோ வெளியே இருந்தால் உதவியை நிறுத்தலாம். முகாமில் பதிவு எடுக்கும் நாளில் ஆள் இருக்க வேண்டும் என்று பழகிய நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

தஞ்சம் கிடைத்துவிட்டால் வீடு என்ன ஆகும்

நல்ல சேதி வந்ததும் இந்த வீடும் முடிகிறது. பல வருடமாக 28 நாள் அவகாசம்தான். 2024 டிசம்பரில் சோதனையாக 56 நாள் ஆக்கினார்கள், 2025 செப்டம்பரில் தனி ஆட்களில் பெரும்பாலோருக்கு மறுபடி 28 ஆக்கிவிட்டார்கள். கடிதத்தில் உள்ள கடைசித் தேதிதான் கணக்கு.

அந்தக் கடிதம் வந்த அன்றே உள்ளூர் கவுன்சிலின் வீட்டு வசதிப் பிரிவில் வீடற்றவராகப் போகிறேன் என்று விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கிலாந்துக்குள் பிரிவு 95-இல் கடைசியாக எந்தக் கவுன்சில் பகுதியில் வீடு கொடுக்கப்பட்டதோ, அந்தப் பகுதியோடு உள்ளூர்த் தொடர்பு இருப்பதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. லண்டனுக்கு ஓடிப்போய் அங்கே ஒரு கவுன்சிலில் விண்ணப்பித்தால், அங்கே தொடர்பு எதுவும் இல்லாத பட்சத்தில், மிடில்ஸ்பரோவுக்கே திருப்பி அனுப்பலாம். லண்டனில் வேலை கிடைத்துவிட்டது, கூடப் பிறந்தவர்கள் வருடக்கணக்கில் அங்கே இருக்கிறார்கள் என்றால் அந்தத் தொடர்பைக் காட்டி அங்கேயே கேட்கலாம். இதனால்தான் முதல் இடமாற்றக் கடிதம் வரும்போதே நல்ல காரணம் இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறேன், அன்றைக்கு வேன் இறக்கிவிடும் ஊர்தான் பின்னால் கவுன்சில் வீட்டுக்கும் ஊராக அமைய வாய்ப்பு அதிகம்.

யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் இல்லாதவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் அரசு தரும் உதவித்தொகை) விண்ணப்பமும் அதே வாரத்தில் போட வேண்டும். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும், அதுவரைக்கும் முன்பணம் கேட்கலாம், பிறகு மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள்.